விலை சைபர், பாட்டு 74: ஒரு இணையக் கூட்டம் ஆல்பம் போடுற கதை

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து சுருக்கி, திருத்தி எழுதப்பட்டது)

இன்னைக்கு ஒரு ஆல்பத்தைப் பத்திப் பேசப் போறேன். பேரு 'ஃபைனல் ஃபேன்டஸி 6: பேலன்ஸ் அண்ட் ரூயின்'. 2013ல வந்தது. 5 டிஸ்க், 74 ட்ராக். இதுல வாசிச்சவங்க, பாடினவங்க, மிக்ஸ் பண்ணவங்க யாருக்கும் சம்பளம் கிடையாது. டவுன்லோட் பண்றவங்களுக்கும் காசு கிடையாது. பல நாடுகள்ல இருந்து, ஒருத்தரை ஒருத்தர் நேர்ல பார்த்தே இருக்காதவங்க பலர் சேர்ந்து செஞ்சது.

இதை நான் யார்கிட்ட சொன்னாலும் உடனே வர்ற கேள்வி ஒண்ணுதான்: "சரி, இதுல அவங்களுக்கு என்ன கிடைக்குது?" நியாயமான கேள்விதான். ஆனா எனக்கு அதைவிடப் பெரிய ஆச்சரியம் ஒண்ணு இருக்கு. காசு இல்லாம, கான்ட்ராக்ட் இல்லாம, முதலாளி இல்லாம, 74 பாட்டு எப்படி முடிஞ்சுது? நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து ஒரு கோவா ட்ரிப் முடிவு பண்ணவே வாட்ஸ்அப் க்ரூப்ல வருஷக்கணக்கா பேசிட்டு இருக்கோம். அந்த 'எப்படி'தான் இந்த எபிசோட்.

முதல்ல, இவங்க யாரு?

ஓவர்க்ளாக்ட் ரீமிக்ஸ்னு ஒரு சமூகம். 1999 டிசம்பர்ல டேவிட் லாய்ட் என்ற அமெரிக்கர் ஆரம்பிச்சார். அங்க அவருக்கு 'டிஜேப்ரெட்சல்'னுதான் பேரு. வீடியோ கேம் இசையை எடுத்து, புதுசா அமைச்சு, இலவசமா வெளியிடுறது. அவ்வளவுதான் நோக்கம். இன்னைக்கு வரைக்கும் ஆயிரக்கணக்கான ட்ராக் அப்படி வந்திருக்கு.

ரீமிக்ஸ்னு சொன்னதும் நம்ம காதுல வேற ஒண்ணு விழும். பழைய சினிமா பாட்டை எடுத்து, கீழ ஒரு பீட் போட்டு, நடுவுல ஒரு ராப் சேர்த்துப் புதுப் படத்துல விடுவாங்களே, அது. இவங்க சொல்ற ரீமிக்ஸ் அது இல்லை. மூலப் பதிவுல கை வைக்கிறதே குறைவு. மெட்டை மட்டும் எடுத்துக்கிட்டு, பாட்டை அடியிலேர்ந்து திரும்பக் கட்டுவாங்க. ஒரு சண்டைக் காட்சி இசை ஜாஸ் ஆகலாம், ஒரு கிராமத்து இசை மெட்டல் ஆகலாம். நம்ம பாஷைல சொன்னா, மெட்டு அவரோடது, இசைக்கோர்ப்பு இவங்களோடது.

ஏன் கேம் இசை?

இதுக்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் இருக்கு. ஃபைனல் ஃபேன்டஸி 6 வந்தது 1994ல, சூப்பர் ஃபேமிகாம் கன்சோலுக்கு. அதை வெளிநாட்டுல சூப்பர் நின்டெண்டோன்னு சொல்வாங்க. அந்தப் பெட்டியோட சவுண்ட் சிப் ஒரே நேரத்துல எட்டு ஒலிகளைத்தான் எழுப்பும். கத்தி வீசுற சத்தம், கதவு திறக்கிற சத்தம் எல்லாமே அந்த எட்டுக்குள்ளதான். ஒலிக்குன்னு இருந்த மெமரி 64 கிலோபைட். இன்னைக்கு நீங்க கேக்கற சாதாரண 128 கேபிபிஎஸ் எம்பி3ல 64 கிலோபைட்னா நாலு செகண்ட். அந்த நாலு செகண்ட் இடத்துக்குள்ள வயலின், ட்ரம்ஸ், ஆர்கன் எல்லாத்தையும் நசுக்கி வெச்சுத்தான் இசையமைப்பாளர் நொபுவோ உயெமட்சு இசை பண்ணார்.

அந்த கேம்ல ஒரு ஓபரா காட்சி வரும். மேடைல பாட்டு நடக்குது. ஆனா மனுஷக் குரல் வெக்க மெமரி ஏது? அதனால குரல் மாதிரி ஒரு ஒலி மட்டும் மெட்டை வாசிக்கும். பாட்டு வரிகள் ஸ்க்ரீன்ல எழுத்தா ஓடும். 1994ல அதை விளையாடின பன்னெண்டு வயசுப் பையன், அந்தக் குரலை மனசுக்குள்ளதான் கேட்டிருப்பான். கூட வாசிச்ச ஆர்கெஸ்ட்ராவையும் அப்படித்தான்.

அந்தத் தலைமுறை வளர்ந்து, கையில ஒரு கம்ப்யூட்டரும் மைக்கும் வந்ததும் என்ன பண்ணும்? மனசுக்குள்ள கேட்டதை வெளிய கொண்டு வரப் பார்க்கும். 'பேலன்ஸ் அண்ட் ரூயின்' ஆல்பத்துல ஜேக் காஃப்மன், அந்த ஓபரா காட்சியைப் பத்து நிமிஷத்துக்கு மேல போற ஒரு ராக் ஓபராவா மாத்தி இருக்கார். டாமி பெட்ரீனி பாடியிருக்கார். நிஜக் குரல், அடுக்கடுக்கா கோரஸ். கேம்ல எழுத்தா ஓடின ஒரு பாட்டுக்கு இங்க ஒரு குரல். இந்த மாதிரி ஆல்பங்கள் எதுக்குன்னு யாராவது கேட்டா, நான் இந்த ஒரு ட்ராக்கைத்தான் போட்டுக் காட்டுவேன்.

'நோ' சொல்ற வேலை

அமெச்சூர் இசைன்னா 'யார் வேணா என்ன வேணா போடலாம்'னு நினைப்போம். இந்தக் கூட்டத்துல அப்படி இல்லை. நீங்க ஒரு ட்ராக் அனுப்பினா, நடுவர் குழு உக்காந்து கேக்கும். அவங்களும் இசை பண்றவங்கதான், அவங்களுக்கும் சம்பளம் இல்லை. அனுப்புறதுல நிறைய திரும்பி வரும். திரும்பி வரும்போது காரணமும் கூட வரும்: பேஸ் சத்தம் மத்ததை மூடுது, ரெண்டாவது பாதி முதல் பாதியோட நகல், ட்ரம்ஸ்ல உயிர் இல்லை, இந்த மாதிரி.

ஒரு விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். மூல மெட்டு உங்க ட்ராக்ல தெரியணும், அதுவும் பேருக்கு எட்டிப் பார்த்தா போதாது. பொதுவா பாதி நேரத்துக்கு மேல மூலம் அடையாளம் தெரியணும்னு பார்ப்பாங்க. சந்தேகம் வந்தா நடுவர்கள் கடிகாரம் வெச்சுக் கணக்குப் போடுவாங்க. இந்த செகண்ட்லேர்ந்து இந்த செகண்ட் வரை மூலம் இருக்கு, இங்க இல்லை, மொத்தம் இவ்வளவு சதவீதம். அதே நேரத்துல, மூலத்தை அப்படியே வாசிச்சிருந்தாலும் 'நோ'தான். ரொம்ப விலகினாலும் தப்பு, விலகவே இல்லைன்னாலும் தப்பு.

காசு வாங்காம வேலை செய்றவன்கிட்ட போய் "இது சரியில்லை, திரும்பப் பண்ணு"ன்னு சொல்றது எவ்வளவு கஷ்டம்னு யோசிங்க. நம்ம ஊர்ல காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல நாடகம் போட்டவங்களுக்குத் தெரியும். "அவனே ஃப்ரீயா வந்து நடிக்கிறான், அவனைப் போய் எப்படிச் சொல்றது"ன்னு விட்டுடுவோம். மேடைல அது தெரியும். இங்க அந்தக் கஷ்டத்தை ஒரு தனி வேலையாவே பிரிச்சு, சிலர் தலையில வெச்சுட்டாங்க. யார் அனுப்பினாலும் அதே அளவுகோல். அதனால 'நோ' வந்தா வலிக்கும், ஆனா அவமானமா இருக்காது. பலர் திருத்தித் திரும்ப அனுப்புவாங்க. ஒரு மியூசிக் ஸ்கூல் ஃபீஸ் வாங்கிட்டு செய்ற வேலை இது.

ஒரு தொகுப்பு ஆல்பம் எப்படி உருவாகுது?

தனித்தனி ட்ராக் வெளியிடுறது ஒரு விஷயம். ஒரு கேமோட மொத்த இசையையும் ஒரே ஆல்பமா கொண்டு வர்றது வேற விஷயம். 2003ல 'சூப்பர் மெட்ராய்ட்' கேமுக்கு 'ரெலிக்ஸ் ஆஃப் த சோசோ'னு ஒண்ணு வந்தது. 2004ல 'டாங்கி காங் கன்ட்ரி'க்கு 'காங் இன் கான்சர்ட்'. 2007ல 'ஃபைனல் ஃபேன்டஸி 7'க்கு 'வாய்சஸ் ஆஃப் த லைஃப்ஸ்ட்ரீம்'. அது 4 டிஸ்க், 45 ட்ராக். அதுக்குத் தலைமை தாங்கினது ஆண்ட்ரூ அவெர்சா. 'பேலன்ஸ் அண்ட் ரூயின்' வேலையையும் அவர்தான் முன்ன நின்னு நடத்தினார்.

இந்த வேலை எப்படி நடக்கும்னு படிப்படியா சொல்றேன்.

முதல்ல ஒரு இயக்குநர் வேணும். அவர் கேம்ல இருக்கிற எல்லா ட்யூனையும் பட்டியல் போடுவார். யாருக்கு எது வேணும்னு சொல்லலாம். கல்யாண வீட்டுல ஜன்னலோர சீட் மாதிரி, பிரபலமான ட்யூன் எல்லாம் முதல் நாளே போயிடும். யாரும் ஞாபகம் வெச்சிருக்காத ஒரு கடைவீதி ட்யூன், ஒரு முப்பது செகண்ட் தோல்வி ட்யூன், இதெல்லாம் மிச்சம் நிக்கும். ஆல்பத்தோட தரம் பெரும்பாலும் இந்த மிச்சத்தை யார் எடுத்துக்கிறாங்க என்பதுலதான் இருக்கு. பெரிய பாட்டு எப்படியும் நல்லா வந்துடும்.

ரெண்டாவது, தேதி. முழுசா முடிச்சு அனுப்புங்கன்னு ஒரே ஒரு தேதி வெச்சா யாரும் அனுப்ப மாட்டாங்க. அதனால நடுநடுவுல தேதி வெப்பாங்க. அரைகுறையா இருந்தாலும் பரவாயில்லை, இதுவரைக்கும் பண்ணதை அனுப்பு. அனுப்பலைன்னா அந்த ட்யூன் உன்கிட்டேர்ந்து போயிடும், வேற ஒருத்தருக்குத் திறந்து விட்டுடுவோம். கேக்கக் கொஞ்சம் கறாரா இருக்கும். ஆனா சம்பளமே இல்லாத இடத்துல இயக்குநர் கையில இருக்கிறது அந்த ஒரு சாவிதான். பரீட்சை வரும், குழந்தை பொறக்கும், வேலை மாறும், ஹார்ட் டிஸ்க் போயிடும். காணாம போறவங்க எப்பவும் இருப்பாங்க. அதைத் துரோகமா பார்க்காம, கணக்குல முன்னாடியே சேர்த்துக்கிற ஆல்பம்தான் முடியும்.

மூணாவது, மாஸ்டரிங். ஒருத்தர் படுக்கையறைல ஒரு கிட்டாரையும் ஒரு மலிவு மைக்கையும் வெச்சுப் பதிவு பண்ணியிருப்பார். இன்னொருத்தர் விலை உயர்ந்த ஆர்கெஸ்ட்ரா சாம்பிள் வெச்சிருப்பார். ரெண்டும் அடுத்தடுத்து வந்தா, ஒண்ணு காதைக் கிழிக்கும், ஒண்ணு கேக்கவே கேக்காது. பஸ்ல ஹெட்போன் போட்டிருக்கிறவர் ஒவ்வொரு ட்ராக்குக்கும் வால்யூம் பட்டனைத் தேட வேண்டி வரும். அதனால கடைசில ஒரே ஒரு காது எல்லாத்தையும் கேட்டு, சத்த அளவையும் தொனியையும் ஒரே வீட்டுக்குள்ள கொண்டு வரணும். நான் இந்த ஷோவுக்கு ரெண்டு மைக் பதிவைச் சமன் பண்றதுக்கே ஒரு சாயங்காலம் போயிடுது. 74 ட்ராக்னா நினைச்சுப் பாருங்க.

நாலாவது, வரிசை. எந்தப் பாட்டு முதல்ல, எது எதுக்கு அப்புறம். இது முடிஞ்சாதான் ஒரு குவியல் ஆல்பம் ஆகுது. கேம் கதையோட வரிசைல போறது ஒரு வழி. அப்படி வெச்சா, விளையாடினவங்களுக்கு ஆல்பமே ஒரு மறுபயணம்.

கவனிச்சீங்கன்னா, இந்த நாலுல எதுவுமே இசைத் திறமை பத்தினது மட்டும் இல்லை. இசை தெரிஞ்சவங்க எங்கயும் இருக்காங்க. பட்டியல் போடுறவர், தேதி வெக்கிறவர், சமன் பண்றவர், இவங்க கிடைக்கிறதுதான் கஷ்டம்.

இலவசம்னா சட்டப்படி சரியா?

இங்க கொஞ்சம் நிதானமா கேளுங்க. ஒரு பாட்டுல ரெண்டு உரிமை இருக்கு. மெட்டுக்கு ஒண்ணு, பதிவுக்கு ஒண்ணு. இவங்க புதுசா பதிவு பண்றதால பதிவு இவங்களோடது. மெட்டு இவங்களோடது இல்லை. அது கேம் நிறுவனத்துக்கோ இசையமைப்பாளருக்கோ சொந்தம். நீங்க ஒரு கவர் பாடி யூட்யூப்ல போட்டு, மறுநாளே உரிமைக் கோரிக்கை வந்திருந்தா, அது வந்தது இந்த மெட்டு உரிமைக்காகத்தான்.

'காசு வாங்கலை, அதனால தப்பில்லை'னு பலர் நினைக்கிறாங்க. அமெரிக்கச் சட்டத்துல ஃபேர் யூஸ் என்ற நியாயப் பயன்பாட்டுக்கு நாலு அளவுகோல் இருக்கு. லாப நோக்கம் இருக்கா என்பது அதுல ஒரு பகுதி மட்டும்தான். எவ்வளவு எடுத்தீங்க, எதிலேர்ந்து எடுத்தீங்க, மூலத்தோட சந்தைக்கு பாதிப்பு உண்டா, எல்லாம் சேர்த்துத்தான் முடிவு. அதனால இலவசம் ஒரு கவசம்தான், ஆனா முழுக் கவசம் இல்லை.

ஆனா நடைமுறைல இலவசம் வேற ஒண்ணு செஞ்சது. நிறுவனங்களுக்கு இவங்க மேல ஒரு நம்பிக்கை வந்தது. 2006ல ஸ்ட்ரீட் ஃபைட்டர் இசைக்கு 'பிளட் ஆன் தி ஆஸ்ஃபால்ட்'னு ஒரு ஆல்பம் போட்டாங்க. அதைக் கேட்ட கேப்காம், வழக்குப் போடுறதுக்குப் பதிலா கூப்பிட்டுப் பேசினாங்க. 2008ல வந்த 'சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ எச்டி ரீமிக்ஸ்' கேமோட அதிகாரபூர்வ இசையே இந்தச் சமூகத்தோடதுதான். 2010ல 'டாங்கி காங் கன்ட்ரி 2' ஆல்பத்துக்கு, அந்த கேமோட நிஜ இசையமைப்பாளர் டேவிட் வைஸே ஒரு ட்ராக் பண்ணிக் கொடுத்தார். அவரோட வேலை செஞ்ச கிரான்ட் கர்க்ஹோப் கிட்டாரும் ராபின் பீன்லேண்ட் ட்ரம்பெட்டும் வாசிச்சாங்க. ரசிகர் போட்ட பந்தியில மூலவரே வந்து உக்காந்த மாதிரி.

காசு உள்ள வந்தப்போ

2012ல கதை மாறுது. 'பேலன்ஸ் அண்ட் ரூயின்' ஆல்பத்தை டவுன்லோடா மட்டும் இல்லாம, கையில தொடுற மாதிரி சிடியாவும் கொடுக்கலாம்னு முடிவு பண்ணாங்க. அச்சடிக்கக் காசு வேணும். கிக்ஸ்டார்ட்டர்ல நிதி கேட்டாங்க. கேட்டது 15,000 டாலர்.

அங்கதான் முதல் தடவையா கேள்வி வந்தது. கேம் உரிமை வெச்சிருக்கிற ஸ்கொயர் எனிக்ஸ் தரப்புலேர்ந்து ஆட்சேபம். பக்கம் எடுக்கப்பட்டது. வருஷக்கணக்கா கண்டுக்காத ஒரு விஷயம், டாலர் குறி வந்ததும் பிரச்சினை ஆயிடுச்சு. அது ஆச்சரியம் இல்லை. பணம் வந்தா அது வியாபாரமா இல்லையான்னு ஒரு நிறுவனம் கேக்கத்தான் செய்யும்.

அப்புறம் பேச்சுவார்த்தை நடந்தது. நிறுவனத்தோட சம்மதத்தோடவே நிதி திரட்டல் திரும்பத் தொடங்கிச்சு. வந்த பணம் 1,50,000 டாலரைத் தாண்டுச்சு. கேட்டதைவிடப் பத்து மடங்கு.

ஒரு நிமிஷம் அந்த இடத்துல உங்களை வெச்சுப் பாருங்க. நீங்க ரெண்டு வாரம் ராத்திரி முழிச்சு ஒரு ட்ராக் பண்ணிக் கொடுத்திருக்கீங்க. இப்போ மேசை மேல ஒன்றரை லட்சம் டாலர் இருக்கு. "என் பங்கு எவ்வளவு?"னு ஒரு குரல் கேட்டா போதும், கூட்டம் உடையும். 74 ட்ராக்ல எந்த ட்ராக் அதிக மதிப்பு? பத்து நிமிஷ ராக் ஓபராவா, யாரும் எடுக்காத கடைவீதி ட்யூனா? அதுக்கு பதில் கிடையாது.

அவங்க தப்பிச்சதுக்குக் காரணம், அந்தக் கேள்விக்கான பதில் பல வருஷம் முன்னாடியே விதியா இருந்ததுதான். இது லாபத்துக்கு இல்லை. டவுன்லோட் எப்பவும் இலவசம். பணம் கொடுத்தவருக்கு சிடி, கொடுக்காதவருக்கும் அதே 74 பாட்டு. 2013ல ஆல்பம் அப்படித்தான் வந்தது.

என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையோட மையம் இதுதான். இலவசம்னா இங்க 'விலை இல்லை'னு மட்டும் அர்த்தம் இல்லை. அது எல்லாரையும் ஒரே உயரத்துல நிறுத்துற ஒரு விதி. அது இருக்கிறதாலதான் நடுவர் 'நோ' சொன்னா அதுல உள்நோக்கம் தேட முடியாது. இயக்குநர் ஒரு ட்ராக்கை எடுத்து இன்னொருத்தருக்குக் கொடுத்தா அது வருமான இழப்பு ஆகாது. பணத்தை வெளிய நிறுத்தினதாலதான் கறாரா இருக்க முடிஞ்சுது.

இதை நான் எல்லா வேலைக்கும் சொல்லலை, தெளிவா சொல்லிடறேன். ஒரு கம்பெனி உங்ககிட்ட "எக்ஸ்போஷர் கிடைக்கும், ஃப்ரீயா ஒரு ட்யூன் போட்டுக் கொடுங்க"ன்னு கேட்டா, கொடுக்காதீங்க. அங்க ஒருத்தர் சம்பாதிக்கிறார், ஒருத்தர் இல்லை. இந்த ஆல்பத்துல யாருமே சம்பாதிக்கலை. ரெண்டுக்கும் பேர் ஒண்ணு, விஷயம் வேற.

அவங்களுக்கு என்ன கிடைச்சுது?

முதல்ல விட்ட கேள்விக்கு வர்றேன். சிலருக்குத் தொழில் கிடைச்சுது. இங்க ரீமிக்ஸ் போட்டுட்டு இருந்த டேனி பரனோவ்ஸ்கி 2010ல வந்த 'சூப்பர் மீட் பாய்' கேமுக்கு இசையமைச்சார். ஜிம்மி ஹின்சன் 'மாஸ் எஃபெக்ட் 2' இசைக் குழுவுல ஒருத்தர். ஜேக் காஃப்மன் 2014ல 'ஷவல் நைட்'டுக்கு இசை பண்ணார்.

ஆனா இந்தப் பேர்களை மட்டும் சொன்னா கதை வளைஞ்சிடும். பெரும்பாலானவங்க வேற வேலைக்குத்தான் போனாங்க. அவங்களுக்குக் கிடைச்சது, முடிச்ச ஒரு பாட்டு. கம்ப்யூட்டர்ல 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'நிஜமாவே ஃபைனல்'னு பாதியில நிக்கிற ஃபைல் உள்ள யாரைக் கேட்டாலும் சொல்வாங்க, அது எவ்வளவு பெரிய விஷயம்னு. ஒரு தேதி, ஒரு கறாரான காது, பக்கத்து ட்ராக்குக்கு ஈடு கொடுக்கணும்ங்கிற பயம். இந்த மூணும் சேர்ந்தா பாட்டு முடியும்.

கேக்க ஆரம்பிக்கணும்னா, இருட்டும் அமைதியும் பிடிக்கும்னா 'ரெலிக்ஸ் ஆஃப் த சோசோ'. விதவிதமா வேணும்னா 'வாய்சஸ் ஆஃப் த லைஃப்ஸ்ட்ரீம்'. 'பேலன்ஸ் அண்ட் ரூயின்'ல நேரா அந்த ராக் ஓபராவுக்குப் போங்க. அதுக்கு முன்னாடி 1994 மூலத்தை ஒரு தடவை கேட்டுடுங்க. எட்டு ஒலிதான். அதைக் கேட்டாதான் இவங்க எங்கேர்ந்து எங்க வந்திருக்காங்கன்னு தெரியும்.

நீங்க நாலு பேர் சேர்ந்து ஏதாவது ஆரம்பிக்கிறதா இருந்தா, ஆல்பமோ, ஷார்ட் ஃபிலிமோ, ஒரு சின்னப் பத்திரிகையோ, முதல் மீட்டிங்லயே மூணு விஷயம் பேசிடுங்க. காசு வந்தா என்ன பண்றது? யார் 'நோ' சொல்றது? தேதி தவறினா என்ன? லோகோவை அப்புறம் பார்த்துக்கலாம்.

அவ்வளவுதான் இந்த எபிசோட். அடுத்த வாரம் பார்ப்போம்.